சாவக்கட்டு ஏட்டும் ஆயுதம் தாங்கிய பறவையும்

கோயமுத்தூர் ஜில்லாவில் பொய் சொல்ல வராத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் போய்ப் போலீஸில் சேர்ந்துவிட்டார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் அலுவலகத்தில் பியூனிலிருந்து பெரிய அதிகாரி வரைக்கும் அவர் 'சாவக்கட்டு ஏட்டு'தான். சேவல் சண்டைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் சாவக்கட்டு. பெயர் வந்த கதைக்கு முன்னால் ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதையை நம்பமாட்டீர்கள்.

போலீஸில் லீவு வேண்டுமென்றால் சொந்தத்தில் யாராவது செத்தாக வேண்டும். ஒரே பெரியப்பாவை வருஷாவருஷம் தீபாவளிக்குச் சாகடித்தவர்கள் உண்டு. நம் ஏட்டு இன்ஸ்பெக்டர் முன்னால் விறைப்பாக நின்று, தூக்கம் பத்தவில்லை, இரண்டு நாள் தூங்கவேண்டும் என்று கேட்டார். இப்படியொரு காரணத்தை வாழ்நாளில் கேட்டிராத இன்ஸ்பெக்டர், திகைப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இன்னொரு முறை, மேலதிகாரி ஒருவர் மெஸ்ஸைப் பார்வையிட வந்து சாப்பாடு எப்படி என்று கேட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அருமை என்றார்கள். ஏட்டு மட்டும், "சாம்பார்ல பருப்பே இல்லீங்கய்யா. போன மாசம் கொஞ்சம் இருந்துச்சுங்க" என்றார். அடுத்த வாரம் சாம்பாருக்குப் பருப்பு வந்தது. ஏட்டுக்குச் சத்தியமங்கலத்துக்கு மாறுதல் வந்தது. திரும்பி வர வெகுகாலம் பிடித்தது.

கட்டிய சேலை எப்படி இருக்கிறது என்று புருஷனிடம் கேட்கும் வழக்கத்தைக் கல்யாணமான மறுவாரமே விட்டுவிட்டதாக அவர் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் அப்போது, பணியில் காயம்பட்ட போலீஸாருக்கு அரசு தரும் நிவாரணத்தைக் கவனிக்கும் பிரிவில் எழுத்தராக இருந்தேன். எங்களுக்கு வரும் ஃபைல்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். கல்வீச்சு, லாரி மோதல், கத்திக்குத்து. நெஞ்சு பதறினாலும் கையாளத் தெரிந்த ஃபைல்கள். அந்த நேரத்தில்தான் இவருடைய ஃபைல் வந்து சேர்ந்தது.

பொங்கல் சமயம். பீளமேட்டைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் சாவக்கட்டு நடக்கிறதென்று தகவல் வந்து, இவருடைய ஸ்டேஷனிலிருந்து ஜீப்பில் போயிருக்கிறார்கள். காக்கிச் சட்டையைக் கண்டதும் கூட்டம் வேலியைத் தாண்டி ஓடியிருக்கிறது. மற்ற போலீஸ்காரர்கள் ஆட்களைத் துரத்தினார்கள். ஏட்டு மட்டும் களத்தின் நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற ஒரு சேவலைப் பார்த்தார். ஓடுகிறவர்கள் மிதித்துவிடுவார்களே என்று அதை அள்ளித் தூக்கினார். அதன் காலில் கத்தி கட்டியிருந்தது. சேவல் ஒரே ஓர் உதைதான் உதைத்தது. ஏட்டின் தொடையில் பெரிய இரத்தக்குழாய் அறுந்துபோனது.

அது சாதாரணக் காயம் இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். மனைவியின் நகைகள் எல்லாம் அடகுக்குப் போயின. கால் பழையபடி மடங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அரசாங்கத்தின் நிவாரணம் வந்தால்தான் குடும்பம் நிமிரும் என்ற நிலைமை.

இந்த நிலைமையில் அந்த மனிதர் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்திருந்த லட்சணத்தைக் கேளுங்கள். தாக்கியவர் பெயர்: கீரி. தந்தை பெயர்: காகம், பல்லடம். தொழில்: சண்டை. முன்விரோதம் உண்டா: இல்லை.

எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர், இவர்கள் வட இந்தியக் கும்பலா என்று என்னிடம் கேட்டார். கீரி, காகம் என்பதெல்லாம் நிறத்தை வைத்துச் சேவலுக்குச் சொல்லும் பெயர்கள் என்று நான் விளக்கியதும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். ஏட்டை வரச்சொன்னோம். கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். சேவலுக்கு எதற்கு ஐயா தகப்பன் பெயர் என்று கேட்டேன். அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது என்று அச்சடித்திருந்தது, அதனால் விசாரித்து எழுதினேன் என்றார்.

கண்காணிப்பாளர் நல்லவர். ஆனால் விதியைத் தாண்டி மூச்சுகூட விடமாட்டார். சமூக விரோதிகள் தாக்கினால்தான் நிவாரணம், சேவலை எந்தக் கணக்கில் சமூக விரோதி என்பது என்று குழம்பிப்போனார். கடைசியில் அவரே குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். சேவலின் சொந்தக்காரர் கத்தியால் வெட்டினார் என்று ஒரு வரி எழுதிக்கொடுத்தால் போதும், ஃபைல் பறந்துவிடும். ஸ்டேஷனில் எல்லாரும் ஏற்கெனவே ஏட்டிடம் அப்படி எழுதத்தான் சொல்லியிருந்தார்கள்.

அப்படி எழுதினால் சொந்தக்காரர் மேல் கொலைமுயற்சி வழக்கு விழும். அது ஏட்டுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தச் சொந்தக்காரர் ஒரு சின்ன லேத்துப் பட்டறை வைத்திருப்பவர்.

ஏட்டு முடியாது என்றார். பிடிவாதமா என்று கேட்டேன். அவர் கம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்.

"அம்மணி, நான் உழுந்து கெடந்தப்ப எங்காளுக அத்தனை பேரும் தொரத்தறக்குப் போயிட்டாங்க. வேலி தாண்டி ஓடுன அந்தாளு, நான் கத்துன சத்தங் கேட்டுத் திரும்பி வந்தாருங்க. அவரு வேட்டியக் கிழிச்சு என்ற தொடையில கட்டி, அவரு வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாருங்க. என்னையத் தூக்குன கையில நான் எப்படிங்க கத்தியக் குடுக்கறது?"

கண்காணிப்பாளர் கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஃபைல் உள்ளபடியே சென்னைக்குப் போனது. போன வேகத்தில் கேள்விகளோடு திரும்பி வந்தது. மேற்படி கீரி கைது செய்யப்பட்டாரா, தற்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டிருந்தார்கள். கீரி வழக்குச் சொத்தாக ஸ்டேஷனில்தான் இருக்கிறார், வயர்லெஸ் இரையும்போதெல்லாம் கூவுகிறார், காலையில் கம்பும் மாலையில் கேழ்வரகும் சாப்பிடுகிறார் என்று ஏட்டு பதில் எழுதினார். அதைத் தட்டச்சு செய்த பெண் சிரித்துச் சிரித்து வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் புதிதாக ஒரு பெண் அதிகாரி பொறுப்புக்கு வந்தார். ஃபைலைப் படித்துவிட்டு, சம்பந்தப்பட்ட எல்லாரையும் நேரில் வரச்சொன்னார். எல்லாரையும் என்ற சொல்லை ஏட்டு அப்படியே எடுத்துக்கொண்டார். லேத்துப் பட்டறைக்காரர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் ஒயர்க் கூடைக்குள் கீரி.

அதிகாரியின் அறைக்குள் நுழைந்ததும் மின்விசிறிச் சத்தத்துக்குக் கீரி மிரண்டு கூடையை விட்டுத் தாவியது. கண்காணிப்பாளரின் தோளில் உட்கார்ந்தது. விதிப்படி என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அட்டென்ஷனில் நின்றார். ஏட்டு அதற்குள் சம்பவத்தை நடித்துக் காட்டத் தொடங்கிவிட்டார். இப்படி அள்ளினேன், அது இப்படி உதைத்தது என்று கம்பைத் தூக்கியதில் அதிகாரியின் மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளர் உருண்டது. அவர் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஏனுங்க, கையக் கால வெச்சுக்கிட்டுச் சும்மா வாயில சொல்லுங்க" என்றார்.

எல்லாம் அடங்கியபிறகு அதிகாரி பட்டறைக்காரரைப் பார்த்தார். குற்றவாளி ஒருவர் தானாக நடந்துவந்து போலீஸுக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

"என்ற சாவல்தானுங்க மேடம். கத்தி கட்டுனதும் நானுங்க. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன். ஏட்டய்யாவுக்குச் சேர வேண்டியதக் குடுத்துப்போடுங்க."

பிறகு அதிகாரி பேசினார். ரெய்டுக்குப் போன இடத்தில்தானே காயம், கத்தி ஆயுதம்தானே, அதைக் கட்டியது மனிதக் கைதானே, யாரும் வேண்டுமென்று வெட்டவில்லை என்பதை மட்டும் மாற்றாமல் எழுதுவதில் என்ன சிரமம் என்று என்னைக் கேட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: 'சட்டவிரோதச் சூதாட்டத்தைத் தடுக்கும் பணியில், ஆயுதம் பொருத்தப்பட்ட பறவையைப் பாதுகாப்பாக அகற்ற முயன்றபோது...'

வாசித்துக் காட்டினேன். அதிகாரி தலையசைத்தார். ஏட்டு கையைத் தூக்கினார்.

"பாதுகாப்பாங்கறது தப்புங்க. நான் வெடுக்குனுதான் தூக்குனேன்."

அடித்தேன் அந்தச் சொல்லை. ஃபைல் போனது. இந்த முறை நிவாரணம் வந்தது. பட்டறைக்காரர் சூதாட்டத்துக்கு உண்டான அபராதத்தைக் கோர்ட்டில் கட்டினார். நகைகளைத் திருப்பிய அன்றைக்கே ஏட்டின் மனைவி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஒவ்வொரு மேஜையாகக் காட்டினார். ஏட்டு பின்னாலேயே மைசூர்பாகு டப்பாவோடு கம்பை ஊன்றி வந்தார். கடை மைசூர்பாகு கொஞ்சம் கெட்டிதான், பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுத்தார்.

போன வருஷம் நான் ஓய்வு பெற்றேன். அலுவலகத்தில் வழக்கம்போல ஒரு கூட்டம் போட்டார்கள். என்னைப்போல வேலை செய்ய ஆளில்லை, என்னைப்போல சுறுசுறுப்பு யாருக்குமில்லை என்று வரிசையாகப் பேசினார்கள். கேட்கக் கேட்க, பக்கத்து நாற்காலியில் யாராவது இறந்துவிட்டாரோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து சாவக்கட்டு ஏட்டு எழுந்தார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். யாரும் அழைக்காமலே வந்திருந்தார். அவரைப் பேசவிடலாமா என்று மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்குள் அவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"அம்மணி வேல கொஞ்சம் மெதுவுங்க. கையெழுத்து ஒண்ணும் புரியாதுங்க. ஆனா அடிபட்டு வந்து அவங்க மேசைக்கு முன்னால நின்ன யாரும் கூசி நின்னதில்லீங்க. அவ்வளவுதானுங்க."

சால்வை, மாலை, வாழ்த்துமடல் எல்லாம் அன்றைக்கு நிறையக் கிடைத்தன. நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஏட்டு சொன்னதை மட்டும்தான்.