அரிஷ்டக் குப்பித் தபால்

அரசாங்கத்துக்கு ஒரு தபால் இலாகா இருக்கும்போது, சித்தூர் ஈஸ்வரமூர்த்திக்கு ஒன்று இருக்கக்கூடாதா? இருந்தது! வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால்தான் தபால் வண்டி. காலி அரிஷ்டக் குப்பிதான் தபால் பை. வாயடைக்கத் தேன்மெழுகு. தபால்தலை கிடையாது. பிடிபட்டால் என் தலையே கிடையாது.

இலாகா பிறந்த கதை இது. வாய்க்காலில் எங்களுக்குக் கீழே அடுத்த மடைக்காரன் மாரப்பன் என் உயிர் நண்பன். போன மாசம் இருவரும் கள்ளுக்கடைக்குப் போனோம். திரும்பும்போது வாசலில் கட்டியிருந்த என் காளையை அவிழ்த்து ஓட்டிவந்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது யார் வீட்டுக் காளையோ! என் மனைவி சுப்பாத்தாளும் அவன் மனைவி முத்தாத்தாளும் கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அறுவடை வரைக்கும் நாங்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக்கூடாது.

"மீறிப் பாத்துக்கிட்டா?" என்றேன்.

"எருமை கறக்கறது நீங்கதானுங்க," என்றாள் சுப்பாத்தாள்.

எங்கள் எருமை என் நிழலைக் கண்டாலே காலைத் தூக்கும். ஆனாலும் மாரப்பன் இல்லாமல் கள் தொண்டையில் இறங்குமா? ஏங்கிப்போனேன். அப்போதுதான் இலாகாவைத் திறந்தேன். 'கிடைத்தால் உன் மோட்டார் ரூம் மேல் சிவப்புத் துண்டு கட்டு' என்று எழுதி முதல் குப்பியை விட்டேன். கொஞ்ச நேரத்தில் துண்டு பறந்தது! கரையில் தனியாக நின்று குதித்தேன்.

இலாகாவுக்கு ஒரே தட்டுப்பாடு, குப்பி.

"ஏனுங்க, மாசத்துக்கு வாங்குன அரிஷ்டம் அதுக்குள்ள தீந்துபோச்சா?"

"பசி மந்தம், புள்ள."

"மந்தமா? காத்தால ஒரு அடுக்குத் தோசை தின்னீங்க!"

"அது அரிஷ்டம் குடிச்சதுக்கப்புறம்!"

வியாழக்கிழமை பெரிய தபாலையே விட்டேன். 'பொழுதோட உன் மோட்டார் ரூமுக்கு வர்றேன். கள்ளும் வாத்து முட்டையும் என் பொறுப்பு. பெண்டுகளுக்கு மூச்சு விடாதே.'

மத்தியானம் சிவப்புத் துண்டு பறந்தது. சாயங்காலம் கள்ளுப் பானையைத் தோளில் வைத்து, அவித்த முட்டையை மடியில் கட்டி, வாய்க்கால் கரையோடு பாடிக்கொண்டே போனேன். மோட்டார் ரூம் கதவைத் தள்ளினேன்.

உள்ளே சுப்பாத்தாள். பக்கத்தில் முத்தாத்தாள். மூலையில் மாரப்பன், பால் குடிக்கவிடாமல் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி.

"வாங்க, வாங்க! முட்டை கொண்டாந்தீங்களா?" என்றாள் என் மனைவி.

"நீ... எப்படிப் புள்ள..."

"ஏனுங்க, இன்னிக்கு வாய்க்கால்ல தண்ணி யாரு முறை?"

யோசித்தேன். வியாழக்கிழமை எங்கள் முறை! காலையிலேயே வாய்க்காலை அடைத்து, தண்ணீரையெல்லாம் எங்கள் வயலுக்குத் திருப்பிவிட்டு, மண்வெட்டியோடு நின்றவள் அவள்தான். தண்ணீர் திரும்பிய பக்கம் குப்பியும் திரும்பி, நேரே அவள் காலடியில் போய் நின்றிருக்கிறது. எங்கள் மடைக்குக் கீழே வாய்க்கால் வறண்டு கிடந்ததைப் பார்த்துக்கொண்டேதான் பாடி வந்திருக்கிறேன், மடையன்!

"அப்ப செவப்புத் துண்டு?"

"நாந்தானுங்க கட்டுனேன்," என்றாள் முத்தாத்தாள், முட்டையை உரித்துக்கொண்டே.

"கள்ளு?"

"ஆப்பமாவுக்கு ஆச்சு."

மாரப்பன் எச்சில் விழுங்கினான். நானும் விழுங்கினேன். அன்று எங்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

"ஆனா, உங்க மூளையப் பாராட்டோணுமுங்க," என்றாள் சுப்பாத்தாள். என் நெஞ்சு நிமிர்ந்தது. "முறை நாள்ல வயல உட்டு நகர முடியாம, நாக்கு வறண்டு நிக்கறேன். இத்தன நாளா எனக்கு இது தோணலையே!"

இலாகா இன்றும் நடக்கிறது. முறை நாள்தோறும் எருமையைக் கறந்து, உதை வாங்கி, காப்பி போட்டு, முக்கால் குப்பி ஊற்றி மூடி வாய்க்காலில் விடுகிறேன்.

சர்க்கரை குறைந்தால் எங்கள் மடைமேல் சிவப்புத் துண்டு பறக்கும்.