சிப்பிக்கொரு டம்ளர்

அலைமேல் ஆடிக்கொண்டிருக்கும் அன்பு மாமாவுக்கு,

தரைமேல் ஆட்டம் போட்டுக்கொண்டிருக்கும் அக்கா மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம், அத்தை நலம், உங்கள் சிப்பிகள் எங்கள் இருவரையும்விட நலம். நீங்கள் கப்பலில் வாந்தி எடுக்காமல் ஆராய்ச்சி மட்டும் எடுத்துக்கொண்டிருப்பதாக நம்புகிறோம். நாளைக் காலை உங்கள் கப்பலுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் படகில் இந்தக் கடிதம் வருகிறது. வெங்காய மூட்டைமேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். படிக்கும்போது கண்ணில் நீர் வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

பதறாமல் கேளுங்கள். நீங்கள் திரும்பி வந்து நடத்துவதாக இருந்த சிப்பிக் கல்யாணத்தை நானும் அத்தையுமே முடித்துவிட்டோம். பழுப்புக்கும் பழுப்புக்கும் ஒன்று, கறுப்புக்கும் கறுப்புக்கும் ஒன்று, பழுப்புக்கும் கறுப்புக்கும் ஒன்று என மூன்று சம்பந்தம், மூன்று வாளி, வாளி கொள்ளாத குழந்தைகள். கிளம்பும்போது வாசற்படியில் நின்று நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையையும் நான் மறக்கவில்லை. பழுப்பு ஓட்டுச் சிப்பி பாறை பாறையாகத் தேடினால்தான் ஒன்று அகப்படும், வருஷத்தில் ஒரு பருவம்தான் முட்டை விடும், எந்தக் குஞ்சுக்கு எது அப்பா எது அம்மா என்று அப்பழுக்கில்லாமல் தெரிந்தால்தான் ஓட்டின் நிறம் பெற்றவர்களிடமிருந்து வருகிறது என்ற உங்கள் கட்சி ஜெயிக்கும், இந்தப் பருவத்தையும் கோட்டைவிட்டால் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் தொட்டிகளைப் பிடுங்கி மீசை சாரிடம் கொடுத்துவிடுவார். எல்லாம் மனப்பாடம். பள்ளிப் பாடம் ஏறாத மண்டையில் இது எப்படி ஏறியது என்று அம்மாவே ஆச்சரியப்படுகிறாள்.

மீசை சார் என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் போன மறுநாளே அடுத்த கட்டிடத்திலிருந்து, துணைக்கு வந்தேன் என்று சொல்லி வேவு பார்க்க வந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "எல்லாம் எடம் பண்ற வேலைம்மா. அலை அடிக்கிற பாறையில இருந்தா ஓடு குட்டையா தடியா வரும், அமைதியான தண்ணியில இருந்தா நீளமா மெலிசா வரும். நிறமும் அப்படித்தான். உங்க மாமா வீணா பரம்பரை, பரம்பரைன்னு பாடறார்" என்றார். "வடிவம் எடத்தால வரும்னு மாமாவே ஒத்துக்கறாரே சார், நிறம்தானே சண்டை? ஒரே பாறையில, ஒரே தண்ணியில, தோளோடு தோள் ஒட்டிக்கிட்டு ஒண்ணு கறுப்பா, ஒண்ணு பழுப்பா இருக்கே, அது எப்படி?" என்று கேட்டேன். மனிதர் பேச்சை மாற்றி, ஓட்டைப் பார்த்தே ஆண் பெண் சொல்லிவிடுவேன் என்று இறங்கிவிட்டார். முதுகு நேராக இருந்தால் ஆணாம், வளைந்திருந்தால் பெண்ணாம். எல்லாவற்றையும் தடவித் தடவி ஆண்களைத் தொட்டியின் இடது பக்கமும் பெண்களை வலது பக்கமும் உட்காரவைத்தார். எனக்கு நாக்கு சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு காலி ஓட்டுக்குள் தோட்டத்துக் களிமண்ணை அடைத்து, விளிம்பில் பசை தடவி மூடிக் காயவைத்து, மறுநாள் அவர் கையில் கொடுத்தேன். எடை பார்த்தார், காதருகே வைத்தார், கண்ணை மூடினார். "தாய்! வயிறு நெறைய முட்டை. கனம் தெரியுதா?" என்றார். "தெரியுது சார். பிரசவத்துக்கு மண்வெட்டி எடுத்துட்டு வரவா?" என்றேன். அதன் பிறகு இரண்டு நாள் அவர் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. போனது போனதுதான், வருவதாகவே இல்லை. குளிர்விக்கும் இயந்திரம் ஒரு முறை முனகிவிட்டுப் படுத்துவிட்டது. தொட்டித் தண்ணீர் வெதுவெதுவென்று ஏற, சிப்பிகள் ஒவ்வொன்றாக வாயைப் பிளக்க ஆரம்பித்தன. சட்டென்று சூடு ஏறினால் பருவத்தில் இருக்கும் சிப்பி எல்லாவற்றையும் தண்ணீரில் கொட்டிவிடும், ஒன்று ஆரம்பித்தால் மற்றதும் தொற்றிக்கொள்ளும், அதன் பிறகு யார் பிள்ளை யாருடையது என்று கடலுக்கே தெரியாது என்று நீங்கள் சொன்னது என் காதில் அலாரமாக அடித்தது. "அத்தை, ஆளுக்கொரு டம்ளர்!" என்று கத்தினேன். சிப்பிக் கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத அத்தை, "யாருடி வந்திருக்காங்க? எத்தனை பேரு?" என்று கேட்டுக்கொண்டே சமையலறை டம்ளரையெல்லாம் தட்டோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். விருந்தாளிகளுக்கு முதுகெலும்பு இல்லை என்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்தார். சுளித்தாலும் சளைக்கவில்லை. பாறையோடு ஒட்டிக்கொள்ள அதுகள் விட்டிருந்த நூலைக் கத்தரிக்கோலால் நறுக்கி ஒவ்வொன்றாக நான் எடுத்துத் தர, அத்தை டம்ளரில் போட்டு, கொல்லையில் மூடிவைத்திருந்த கடல்நீர்ப் பீப்பாயிலிருந்து மொண்டு ஊற்றினார். டம்ளர் போதாமல் கண்ணாடி அலமாரியிலிருந்த பரிசுக் கோப்பைகளும், உங்கள் சவரக் குவளையும் (கழுவிவிட்டோம்) களத்தில் இறங்கின. பீப்பாய் காலையிலிருந்து வெயிலில் நின்று வெந்நீராகியிருந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மாமா. முதல் டம்ளரில் பால் புகை மாதிரி வெள்ளையாக ஒரு இழை எழுந்தது. அடுத்ததில் செங்கல் பொடி தூவினது போலப் பொலபொலவென்று முட்டை இறங்கியது. பிறகு மேசை முழுக்க வெள்ளை, ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை; அதாவது அப்பா, அம்மா, அம்மா, அப்பா. அத்தை முதலில் "ஐயோ, கெட்டுப் போச்சா?" என்றார். விளக்கிச் சொன்னதும், "சீ, மேசை மேலயா?" என்றார். அந்த நேரம் பார்த்து மீசை சார் உள்ளே நுழைந்தார். அவர் ஆண் என்று இடது பக்கம் உட்காரவைத்ததில் பாதி, அவர் கண்ணெதிரே ஆரஞ்சு விட்டுக்கொண்டிருந்தது. மீசை ஒரு பக்கமாகத் தொங்கியது. ஆனாலும் மனிதர் மோசமில்லை. "எல்லாம் தனித் தனி டம்ளர்லயா இருக்கு? அப்ப ஒண்ணும் கெடலை. ஓடு, வாளியைக் கழுவிட்டு வா" என்று அவரே விரட்டிவிட்டு, நுண்ணோக்கி எடுத்துவர ஓடினார். நான் கொல்லையில் வாளிகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி வந்தேன். எந்த டம்ளர் எந்த ஓட்டுக்காரருடையது என்று பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்தேன். சாயங்காலம் நுண்ணோக்கியில் முட்டைகள் இரண்டாக, நாலாகப் பிளந்து நின்றன. இன்றைக்குச் சுற்றிச் சுற்றி நீந்துகின்றன. ஓடு வந்து நிறம் தெரிய மாதக்கணக்காகும், ஆனால் எனக்குக் கவலையே இல்லை. பழுப்பு வாளியில் பழுப்பு வரும். மீசை சாரிடம் அப்போது மீசை இருக்காது. பந்தயம் அதுதான்.

இயக்குநரிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசுங்கள். கப்பல் தலைவருக்கு என் வணக்கம், கப்பல் சமையல்காரருக்கு என் அனுதாபம், உங்களுக்கு எங்கள் அன்பு. கடல் உங்களைக் குலுக்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா பெற்ற அறுந்த வால்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது.

"எல்லாம் நீயே செஞ்ச மாதிரி எழுதியிருக்க. நான் பண்ணதைப் பத்தி ஒரு வரி போடக் கூடாதா?"

"நீங்க தண்ணி ஊத்தினதை எழுதியிருக்கேனே அத்தை?"

"அதைச் சொல்லலை. நீ வாளி கழுவப் போனியே, அப்ப எல்லாம் டம்ளர் அடியில போய்ப் படிஞ்சுதுடி. அடிப்பிடிச்சிடுமேன்னு ஒண்ணு விடாம கிண்டிவிட்டேன்ல?"

நான் ஒட்டவிருந்த உறையைக் கீழே வைத்தேன். "எத்தனை கரண்டியால அத்தை?"

"ஒரே கரண்டிதான். அத்தனை டம்ளருக்கும் கரண்டிக்கு எங்க போறது? வெள்ளையில ஆரம்பிச்சு வரிசையா வந்தேன். ஒரு சொட்டுகூடக் கீழ சிந்தலை."

மாமா, அத்தையின் வரியைப் போட்டுவிட்டேன். மூன்று வாளி என்று மேலே எழுதியதை, மூன்று வாளிகளில் ஒரே குடும்பம் என்று திருத்திப் படிக்கவும். மீசை சாரிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தக் கரண்டி என்ன செய்தது என்று அத்தையிடம் சொல்லவே இல்லை. குழந்தைகள் எல்லாம் கொழுகொழுவென்று நீந்துகின்றன. அம்மா யார் என்பதில் ஓரளவு தெளிவு இருக்கிறது. அப்பா யார் என்று மட்டும் யாரும் கேட்காமல் இருந்தால் நம் குடும்ப கௌரவம் தப்பும்.