நிக்கோலாவின் பல்லும் ஊரார் மீனும்

மதிப்புக்குரிய டாக்டரம்மா ராய்னா அவர்களுக்கு, கரடிப் பூங்காக் காவலன் ஸ்டாமென் பணிவோடு எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், நம் கரடி நிக்கோலாவின் பல்லைத் தவிர. நீங்களும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, அன்று அவன் வாய்க்குள் விட்ட உங்கள் வலது கை.

மயக்க ஊசிக்கு முன் அவன் வயிறு காலியா என்று நீங்கள் கேட்டதற்கு, “நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் தரல டாக்டரம்மா” என்று நான் சத்தியம் பண்ணியது பொய்யில்லை, நான் தரவில்லை. ஆனால் அன்று புனித நிக்கோலா திருநாள், ஊரில் அந்தப் பெயர் உள்ளவன் எவனும் கெண்டை மீன் இல்லாமல் இருக்கக் கூடாது. உங்களை அழைத்துவர நான் ஸ்டேஷனுக்குப் போன நேரத்தில் பின்பக்க வேலி வழியாக ஊரே வந்திருக்கிறது. நீங்கள் குழலால் ஊதிய ஊசியில் அவன் அழகாகத்தான் உட்கார்ந்தான், சாய்ந்தான், தூங்கினான். நீங்கள் பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தீர்கள், அவன் வயிறு குலுங்கியது, அப்புறம் ஐயோ, உள்ளே அடைத்த வால்நட்டும் சோறுமாக அத்தனை மீனும் வெளியே! “தலையைத் தாழ்த்துங்கய்யா! மூச்சுக்குழாய்ல போனா செத்துருவான்!” என்று கத்தி, கையாலேயே வாரி எடுத்து, மாற்று ஊசி போட்டு அவனை எழுப்பினீர்கள். உயிர் தப்பியது, பல் அங்கேயே நின்றது. நீங்கள் என்னைத் திட்டவில்லையே, அதுதான் இன்னும் குத்துகிறது.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பேக்கரி ஸ்லாவ்கா, “ஒரே ஒரு துண்டுதான்யா குடுத்தேன்! ஊர்ல எல்லா நிக்கோலாவுக்கும் மீனு, இவன் மட்டும் என்ன அநாதையா?” என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். எல்லா வீட்டிலும் அதே ஒரே ஒரு துண்டுதான். இப்போது அவன் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளே வேலியோரம் நின்று அழுகிறாள். பனிக்காலத் தூக்கம் நெருங்குகிறது. இந்தப் பல்லோடு எப்படித் தூங்குவான், சொல்லுங்கள்?

ஆகவே நீங்கள் குறித்த இருபதாம் தேதி அவசியம் வர வேண்டும். பின்பக்க வேலிக்கு இக்னாட்டைக் காவல் போட்டிருக்கிறேன். முரடன், சொந்த மாமியாரையே உள்ளே விடாதவன். ஒரு பருக்கை உள்ளே போகாது. ஊரார் உங்கள் கையை முத்தமிடச் சொன்னார்கள். உங்கள் குடும்பம் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன் ஸ்டாமென்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது இக்னாட் இளித்துக்கொண்டு வந்தான். “அண்ணே, இருபதாம் தேதி என் பேருக்குத் திருநாள். ஊரே பலகாரத்தோட வேலிக்கு வரும். நிக்கோலாவுக்கும் ஒரு வாய் குடுக்காம எப்படிண்ணே?” அவனை அக்கா ஊருக்கு அனுப்பிவிட்டேன். இனி வேலிக்கு நான்தான் காவல். இன்று மதியம் சாப்பாடு கொஞ்சம் தாமதமானதற்கே நிக்கோலா என்னைப் பார்த்த பார்வையில் என் ரொட்டி முழுவதும் அவன் வாய்க்குப் போய்விட்டது. டாக்டரம்மா, தயவுசெய்து முந்தின நாளே வந்து, முதல் ஊசியை எனக்குப் போட்டுவிடுங்கள்.