சம்பந்திக்கு அனுப்பியிருக்கக் கூடாத மினிடிஸ்க்

உவேதா,
நவம்பர் 24, 1999

மதிப்பிற்குரிய சம்பந்தி மொமோசே கீச்சிரோ அவர்களுக்கு, குட்சுகாகே தமோட்சு தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

இங்கே மலை உச்சியில் வெள்ளை படிந்துவிட்டது. தோல் சீவிய பெர்சிமன் பழங்களை நூலில் கோத்துக் காயக் கட்டியாகிவிட்டது. என் மனைவி சடாயே முள்ளங்கிக் கீரையை உப்பில் போட்டுக்கொண்டிருக்கிறாள். உங்கள் தோட்டத்திலும் கடைசி ஆப்பிள் பறிப்பு நல்லபடியாக முடிந்து, வீட்டில் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. சடாயே சுகம். நான் வெட்கத்தில் இருக்கிறேன்.

உங்கள் அன்பான கடிதம் போன வாரம் வந்தது. கல்யாண விருந்தில் நான் பதிவு செய்து அனுப்பிய மினிடிஸ்க் ஒலித்தட்டை மூன்று முறை கேட்டதாகவும், கடைசிப் பகுதியில் கண்ணீரை அடக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதுவரை நான் அதைக் கேட்கவில்லை. மகள் மிஹோ உங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு அவள் குரலைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. நீங்களே அழுதிருக்கிறீர்கள் என்றால் பெற்றவன் கேட்காமல் இருப்பது அழகல்ல என்று செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் எதைக் கேட்டு அழுதீர்கள் என்று இப்போது தெரிகிறது. அதைக் கேட்ட பிறகும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் நன்றி எழுதினீர்களே, அந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். விருந்து முடியும்போது பெண் தன் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தைப் படிப்பாள், பிறகு இரண்டு குடும்பத்தின் சார்பிலும் மாப்பிள்ளையின் அப்பா பேசுவார். பெண்ணைப் பெற்றவனுக்கு மேடையில் வைத்த தங்க நிறத் திரைக்கு முன்னால் நிற்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. முப்பத்தெட்டு வருடம் குடிநீர் இலாகாவில் ரோட்டில் இரும்புக் கம்பியை ஊன்றி, காதை வைத்து, பூமிக்கடியில் எங்கே குழாய் கசிகிறது என்று கண்டுபிடித்தவன் நான். பேசத்தான் வாய்ப்பில்லை, கேட்டதையாவது வைத்துக்கொள்ளலாமே என்று மிஹோவின் கடிதத்தைப் பதிவு செய்ய ஆசைப்பட்டேன். ஸ்டேஷன் பக்கத்து மின்சாமான் கடைக்கு மூன்று தடவை போனேன். எட்டு மாடல்கள் வைத்திருந்தார்கள். எடை எத்தனை கிராம், பேட்டரி எத்தனை மணி நேரம், வெளி மைக் சொருக ஓட்டை உண்டா, இதையெல்லாம் நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். ஹொசோயா என்ற ஊழியர் பொறுமையாக எடுத்து எடுத்துக் காட்டிவிட்டு, மூன்றாம் நாள் "சார், எதைப் பதிவு பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். மகள் கல்யாணம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வளர்ந்த ஆண்பிள்ளை, கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, மகள் படிக்கப்போகும் கடிதத்துக்காக என்று எப்படிச் சொல்வது? "பறவை" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அப்பாவும் பறவைக்காரராம். "அப்படின்னா இந்த மைக்தான் சார். சிட்டுக்குருவி மூச்சு விட்டாக்கூட விழும்" என்று உள்ளே போய் ஒரு மைக் எடுத்துவந்து, மெஷினிலும் ஒலி வாங்கும் அளவை உச்சத்தில் வைத்துக் கொடுத்தார். அதை மாற்றச் சொன்னால் என் பொய் வெளியே வருமே என்று அப்படியே வாங்கிவந்தேன்.

வீட்டில் ஒரு மாதம் பயிற்சி எடுத்தேன். ஒரு டிஸ்க்கில் எழுபத்துநான்கு நிமிடம்தான் பிடிக்கும், விருந்தோ இரண்டு மணி நேரம், நடுவில் டிஸ்க் மாற்றினால் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் ஒற்றைத் தடப் பதிவான மோனோவில் வைத்தால் இரட்டிப்பு நேரம் கிடைக்கும் என்று படித்து அப்படி வைத்தேன். சோறு வேகும் சத்தம், தபால்காரர் சைக்கிள், சடாயே ஃபோனில் பேசுவது எல்லாம் பதிவாயின. "என் பேச்சைப் பதிவு பண்ணிட்டு என்ன பண்ணப் போறீங்க? நேர்ல சொன்னாலே கேக்கறதில்ல" என்றாள். நியாயம்தான். விளக்கப் புத்தகத்தில் ஒரு முக்கியமான குறிப்பு இருந்தது: சட்டைப்பையில் வைக்கும்போது தவறுதலாகப் பொத்தான் அமுங்காமல் இருக்க 'ஹோல்ட்' என்ற சின்னப் பூட்டைத் தள்ளிவிட வேண்டும், அதற்குப் பிறகு எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மெஷின் கேட்காது. இதை நான் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தேன். கல்யாணத்தன்று பதிவைத் தொடங்கியதும் பூட்டைத் தள்ளினேன். மெஷின் கோட்டுப் பைக்குள், மைக் என் டைக்குப் பின்னால். பிறகு பூட்டியதை மறந்துவிட்டேன். உங்கள் பேச்சு முடிந்ததும் பைக்குள் கையை விட்டு நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். நன்றாகவே அழுத்தினேன். அது நிற்கவில்லை.

வாசலில் விருந்தாளிகளை வழியனுப்பும்போது நீங்கள் என் டையிலிருந்து போன ஒயரைப் பார்த்துவிட்டு, "சம்பந்தி, பதிவு பண்றீங்களா? எனக்கும் ஒண்ணு அனுப்புங்க" என்றீர்கள். உங்கள் பேச்சு உங்களுக்கு வேண்டும் என்பது இயல்புதானே. கேட்டுப் பார்க்காமலே ஹொசோயாவிடம் டிஸ்க்கைக் கொடுத்து இன்னொன்று எடுத்துத் தரச் சொன்னேன். அது ஓடி முடிய எத்தனை நேரமோ அத்தனை நேரம் கடையில் ஓட்டித்தான் நகல் எடுக்கவேண்டுமாம். மறுநாள் வாங்கப் போனபோது கடையில் இருந்த மூன்று பேரும் வாசல் வரைக்கும் வந்து வணங்கினார்கள். "சார், பறவைங்க ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு" என்றார் ஹொசோயா, என் கண்ணைப் பார்க்காமல். வேறு யாருடைய டிஸ்க்கையோ நினைத்துச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அந்த நகலைத்தான் அழகான காகிதத்தில் சுற்றி உங்களுக்கு அனுப்பினேன்.

இனி அதில் இருப்பது. மிஹோவின் கடிதத்தில் பாதிக்கு மேல் கேட்கவில்லை, என் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்கிறது. உங்கள் பேச்சு எங்கேயோ தூரத்தில் கேட்கிறது, என் முணுமுணுப்பு பக்கத்தில் கேட்கிறது. மரமும் ஒட்டுக்கிளையும் போல இரண்டு குடும்பங்கள் என்று அருமையாக ஆரம்பித்து, பிப்ரவரியில் கிளை வெட்டுவதை விளக்கிக்கொண்டிருந்தீர்கள். அப்போது நான், "பத்து நிமிஷமாச்சு, இன்னும் பூவே வரல. அறுவடை எப்போ, பஸ் எப்போ" என்கிறேன். சடாயே, "வாயை மூடுங்க, கேக்குது" என்கிறாள். "யாருக்குக் கேக்கும்? மைக் அவரு கையில இல்ல இருக்கு" என்கிறேன். பூச்சி மருந்து வரும் இடத்தில் நான் சொன்னதை எழுத என் பேனா மறுக்கிறது. நீங்கள்தான் மூன்று முறை கேட்டிருக்கிறீர்களே.

அதுகூடப் போகட்டும். பதிவு நின்றுவிட்டது என்ற நினைப்பில் நானும் சடாயேவின் அண்ணன் ஃபுகுசோவும் கைகழுவும் அறைக்குப் போனோம். ஃபுகுசோ மச்சானுக்குக் குரல் பெரிது.

"ஏன் மாப்ளே, போன மாசம் உங்க சம்பந்தி ஒரு பெட்டி ஆப்பிள் அனுப்பினாராமே. எனக்கு ஒண்ணு கூடக் கண்ணுல காட்டல?"

"அதை ஏன் கேக்குறீங்க மச்சான். கடிச்சா மாவு. சடாயே சர்க்கரை போட்டு வேக வச்சும் பாத்தா. கடைசியில எதிர்வீட்டு முயலுக்குப் போட்டோம்."

"முயல் தின்னுச்சா?"

"முத நாள் தின்னுச்சு."

இதே வாயால்தான், இல்லை, இதே கையால்தான் உங்களுக்கு 'தேனாக இனித்தது, ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது' என்று நன்றிக் கடிதம் எழுதினேன். தீர்ந்தது உண்மை. சம்பந்தி, மாவானதற்குக் காரணம் உங்கள் மரம் இல்லை. அது சீக்கிரம் பழுக்கும் ரகம், வந்தவுடன் தின்றிருக்க வேண்டும். நாங்கள் கல்யாண அலைச்சலில் பெட்டியைப் பிரிக்கவே பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. இதையும் ஃபுகுசோவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்லாததை எந்த மெஷினாலும் பதிவு செய்ய முடியாதல்லவா.

இதற்கு மேல் எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஃபுகுசோ வெளியே போனபிறகு கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று, யாரும் கேட்காத என் பேச்சை நான் பேசினேன். மூன்று நிமிடப் பேச்சு. செப்டம்பர் முழுவதும் குளிக்கும்போது மனப்பாடம் செய்தது. யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்துதான் செய்தேன். இடி இடித்தால் மிஹோவுக்குப் பயம், சிரித்துக் காட்டுவாள், நம்பிவிடாதீர்கள் என்கிறேன். எதைத் திறந்தாலும் மூடமாட்டாள், எத்தனை தடவை சொல்லியும் பயனில்லை, நானே பின்னாலேயே போய் மூடுவேன், இனி நீங்கள் யாராவது மூடவேண்டும் என்கிறேன். நடுவில் யாரோ வந்து ஈரக் கையை உலர்த்தும் மெஷினில் நீட்டியதால் அரை நிமிடம் பெரிய இரைச்சல். அவர் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, "மொமோசே நல்ல மனுஷர். இருந்தாலும் எனக்குக் குடுக்க மனசில்ல. மனசில்லாமத்தான் குடுக்குறேன்" என்று சொல்லி அழுதிருக்கிறேன். அழுகையும் சிட்டுக்குருவி மூச்சு மாதிரி தெளிவாக விழுந்திருக்கிறது.

இதைக் கேட்டுத்தான் நீங்கள் கண் கலங்கினீர்கள். கோபத்திலா, அவமானத்திலா, எதுவானாலும் தப்பு என்னுடையது. எனக்கு ஒரே ஒரு பயம்தான். பதினொரு நாளாக மிஹோவிடமிருந்து ஃபோன் இல்லை. சாப்பாட்டு மேஜையில் அவள் உங்களுக்கு எதிரே உட்காருகிறாள், அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு அந்த முயல் ஞாபகம் வருமே. தயவுசெய்து என்மேல் உள்ளதை அவள்மேல் காட்டிவிடாதீர்கள். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. புத்தாண்டுக்கு எங்களை அழைத்திருந்தீர்கள். வரவேண்டாம் என்றால் வரவில்லை. சடாயேவை மட்டும் அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். அவள் என் வாயை மூடச் சொன்னவள்.

குளிர் ஏறிக்கொண்டே போகிறது. மூட்டுவலிக்கு வெந்நீரில் காலை வையுங்கள். உங்கள் துணைவியார், மாப்பிள்ளை நோபுயுகி, எல்லோருக்கும் எங்கள் வணக்கம். உங்கள் மரங்கள் அடுத்த வருடமும் கிளை ஒடியக் காய்க்கட்டும். ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
குட்சுகாகே தமோட்சு

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மிஹோ கூப்பிட்டாள். சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்ததாம், அதனால்தான் ஃபோன் இல்லையாம். நான், "மாமா என்மேல கோவமா இருக்காராம்மா?" என்றேன்.

"எதுக்குக் கோவம்? அவருதான்ப்பா வெட்கப்பட்டுக்கிட்டு இருக்காரு. இங்க அந்த டிஸ்க்கைப் போடற மெஷினே கிடையாது. கேசட் ரேடியோவுல நுழைச்சுப் பாத்தாரு, போகல. இல்லன்னு சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு மூணு தடவை கேட்டதா எழுதிட்டாரு. கல்யாணம்னா கடைசியில எல்லாரும் அழுவாங்கதானேன்னு அதையும் சேத்துக்கிட்டாரு. இப்ப மனசு உறுத்துதாம். ஞாயித்துக்கிழமை மட்சுமோட்டோ போய் மெஷின் வாங்கப் போறாரு. எதை வாங்கறதுன்னு உங்களைத்தான் கேக்கச் சொன்னாரு."

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடச் சொல்கிறாள் சடாயே. கிழித்தால் ஞாயிற்றுக்கிழமை மெஷின் சொல்லிவிடும். அது சொல்வதைவிட நான் சொல்வது மேல் என்று அனுப்புகிறேன். என் டிஸ்க்கைக் கேட்டதாக நீங்கள் வைத்துக்கொண்டதைப் போல, இதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது எண்கள் பெரிதாகத் தெரியும் மாடலாகப் பாருங்கள், பதிவு செய்யும் வசதி வேண்டாம், அது நமக்கு ஆகாது. மோனோவும் ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் போட்டதும் இரண்டு மணி நேரம் பதினோரு நிமிடம் வரை நிறுத்தாமல் தள்ளிவிடுங்கள், உங்கள் பேச்சு உங்களுக்கே தெரியும். அங்கிருந்து மூன்றரை நிமிடத்தை மட்டும் கேளுங்கள். அது உங்களிடம்தான் சொல்ல நினைத்தது. பதில் எழுத வேண்டாம். அந்த வீட்டில் அவள் திறந்து வைப்பதை யாராவது மூடினால் போதும்.