மீன் பாடிய ரீசேர்ட்

தனியாக இருந்து ரீசேர்ட்டுக்கும் துணிப் பைக்கும் படம் வரைந்து விற்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும், ‘இது நெஞ்சில் வந்தால் நல்லதா, முதுகில் வந்தால் நல்லதா’ என்றுதான் மனம் கேட்கும். ஞாயிற்றுப் பூசையில் முழங்காலில் இருக்கும்போது, முன்னால் இருக்கிற மாமியின் முக்காட்டுப் பூவேலையை மனதுக்குள் பெரிதாக்கி, நிறம் மாற்றி, பைக்கு அளவெடுத்து முடிப்பேன். நிமிர்ந்து பார்த்தால் கோயிலில் என்னைத் தவிர எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கரடியனாற்றுப் பக்கம் ஒரு செத்த வீட்டில், மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணியின் மடிப்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்று அம்மாவிடம் கிள்ளு வாங்கியிருக்கிறேன்.

இந்த வியாதி முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

சில வருடங்களுக்கு முன்னர், கொழும்பில் பிஸ்கட் பெட்டி வடிவமைக்கும் வேலையை விட்டுவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பி வந்தேன். வீட்டு முன்னறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, ‘உப்புத்தண்ணி’ என்று என் சொந்தத் தொழிலுக்குப் பெயரும் வைத்தேன். அம்மாவுக்குப் பெயர் பிடிக்கவில்லை.

“தொண்டை நோவுக்குக் கொப்பளிக்கிறதுக்கா மகள் இந்தப் பேரு?”

அப்போதுதான் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் இருந்து அழைப்பு வந்தது. உள்ளூர்க் கலைஞர்களைக் கூப்பிட்டு முற்றத்தில் ஒருநாள் சந்தை வைக்கப் போகிறார்களாம். அன்றைக்குப் பணியாளர்கள் எல்லோரும் என் ரீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். விருந்தினர்களுக்குப் பிடித்தால் ஹோட்டல் கடையில் எனக்கு நிரந்தரமாக ஓர் அலுமாரி. ஆனால் வடிவம் இந்த ஊருக்கே உரியதாக இருக்க வேண்டும் என்றார் முகாமையாளர்.

அம்மா தன் பக்கத்து நிபந்தனையையும் சொன்னார்: “இது சரிவரல்ல எண்டா மறுகா பேச்சில்ல. பிஸ்கட் பெட்டிக்கே போ.”

இந்த ஊருக்கே உரியது என்றால், எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்கிற மீன்தான். ஆனால் எங்கள் ஊரில் மீன் படம் இல்லாத இடம் கிடையாது. வரவேற்பு வளைவில் மீன், மதிலில் மீன், பஸ்ஸின் பின்பக்கத்தில் மீன். நானும் ஒரு மீனை வரைந்தால் அது கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. மீனை எல்லோரும் வரைந்துவிட்டார்கள். அதன் பாட்டு பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தேடிப் பார்த்ததில், ஒலியைப் படமாக்கிக் காட்டும் ஒரு செயலி கிடைத்தது. தடித்த சத்தம் படத்தின் கீழே விழும், கீச்சுச் சத்தம் மேலே ஏறும், நேரம் இடமிருந்து வலமாக ஓடும். ஃபோனோடு பொருத்துகிற சின்ன மைக் ஒன்றை வாங்கி, தண்ணீர் போகாமல் பலூனுக்குள் திணித்து, நூலால் இறுக்கிக் கட்டினேன். (பிறந்தநாள் பலூன்தான். அதில் பாதி வாழ்த்து இன்னும் தெரிந்தது.)

மீன் பாடுவது பூரணை இரவில் என்பார்கள். அம்மாவோ, இரவில் தோணி ஏறினால் காலை முறிப்பேன் என்றார். ஆகவே விடிந்த பிறகு, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சீலன் மாமாவின் தோணியில் போனேன். அவர் நண்டு வலை எடுக்கப் போகிற நேரம் அது.

“மாமா, மீன் விடியவும் பாடுமா?”

“அத மீனட்டத்தான் கேக்கணும் புள்ள. நான் பிடிக்கிற மீனெல்லாம் பேசாமத்தான் வாறது.”

கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட பலூனை ஆற்றில் இறக்கினேன். (ஊரில் வாவியை யாரும் வாவி என்று சொல்வதில்லை, ஆறுதான்.) வயரின் மறுமுனையை ஃபோனில் செருகி, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட எண்ணி விட்டேன். மாமா வலையை இழுத்து நண்டுகளைக் கழற்றித் தோணிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். திரையில் மங்கலாக ஏதோ ஓடியது. குனிந்து பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு நண்டு வந்து என் கால் பெருவிரலைக் கவ்வியது.

நான் கத்தியது பாலத்தில் போன ஓட்டோக்காரருக்கும் கேட்டிருக்கிறது. அவர் நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

மாமா நண்டைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “விரல் கிடக்கா?”

விரல் கிடந்தது. எனக்கு ஒரே ஆறுதல், மைக் தண்ணீருக்குள் இருந்தது என்பதுதான். மேலே நான் என்ன கூத்து ஆடினாலும் கீழே மீனின் கச்சேரிக்குப் பாதகமில்லை. எவ்வளவு விஞ்ஞானமான சிந்தனை!

வீட்டுக்கு வந்து படத்தைத் திரையில் விரித்தேன். நீளத்துக்கும் எண்ணெய்க் கறை மாதிரி மங்கல். ஓரிடத்தில் மட்டும் அப்படியே உறைந்துபோனேன். ஒன்றன்மேல் ஒன்றாகப் பொன்னிறக் கோடுகள். எல்லாம் ஒன்றாக எழும்பி, ஒன்றாக வளைந்து, ஒன்றாகச் சரிந்தன. காற்றில் தென்னோலை வளைகிற வளைவு. என் கையால் நூறு வருடம் வரைந்தாலும் வராத வளைவு.

அந்த இடத்தை ஒருமுறை காதால் கேட்டுப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. படம் வரைகிறவளுக்குக் கண் போதும் என்ற திமிர்.

தம்பி ஜெரோம் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டான். “அக்கா, மீன் இவ்வளவு நேரம் மூச்சு விடாமப் பாடுமா?”

“மீனுக்கு மூச்சே வேற மாதிரிடா” என்றேன்.

காத்தான்குடியில் எனக்கு அச்சடித்துத் தருகிறவர் றிஸ்வான் நானா. படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதென்ன தங்கச்சி, சாரிக் கரையா?”

“மீன்ட பாட்டு நானா.”

“அழகாத்தான் இரிக்கி” என்றார் மரியாதையாக. “மீனத் திங்கக்குள்ள இதெல்லாம் நமக்கு வெளங்கல்ல.”

கருநீல ரீசேர்ட்டின் நெஞ்சில் பொன்னிறக் கோடுகள், முதுகில் ‘மீன் பாடுது’ என்ற எழுத்து. பை, தொப்பி, கழுத்துத் துணி என்று எல்லாவற்றிலும் மீன் பாடியது.

சந்தை நாளில் அம்மா, ஜெரோம், சீலன் மாமா எல்லோரும் வாடகைக்கு வான் பிடித்து வந்து இறங்கினார்கள். மாமா வெள்ளை வேட்டியும் சேர்ட்டும் போட்டிருந்தார், அவரை மேடையில் அறிமுகப்படுத்துவேன் என்று நான் சொல்லியிருந்தபடியால். ஹோட்டலுக்குள் போனால் கதவு திறக்கிறவர் நெஞ்சிலும், இளநீர் வெட்டுகிறவர் நெஞ்சிலும், சமையல்காரர் நெஞ்சிலும் என் கோடுகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முகாமையாளர் ஒலிவாங்கியைத் தந்தார். நான் பேசினேன். என்ன பேச்சு! “நீங்கள் பார்ப்பது வெறும் கோடுகள் அல்ல. எங்கள் வாவியின் ஆதிக் குரல்” என்று ஆங்கிலத்தில் சொல்லி, நானே புல்லரித்துப்போனேன்.

கைதட்டல் அடங்கியதும் ஒரு வயதான வெள்ளைக்காரர் முன்னால் வந்தார். சினிமாப் படங்களுக்கு ஒலி சேர்க்கிற வேலை செய்து ஓய்வு பெற்றவராம். ஒலியைப் படமாக்குவது போல, அந்தப் படத்தை மறுபடி ஒலியாக்கவும் முடியும், தன்னுடைய கணினியில் அதற்கு வழி இருக்கிறது, செய்து பார்க்கட்டுமா என்று கேட்டார்.

மானம் மரியாதையோடு வாழ நினைக்கிற எவரும் அந்த இடத்தில் ‘வேண்டாம்’ என்றிருப்பார்கள். எனக்கோ ஆவல் தலைக்கேறியது. “ப்ளீஸ்!” என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன். மீனின் பாட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கப் போகிறேன் அல்லவா?

இளநீர் வெட்டுகிறவரை நிமிர்ந்து நிற்க வைத்து நெஞ்சைப் படம் எடுத்தார்கள். கணினியை ஹோட்டலின் பெரிய ஒலிபெருக்கியோடு இணைத்தார்கள்.

முதலில் குழாய்க்குள் காற்று ஊதுகிற மாதிரி ஒரு ஊளை. சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் நெற்றியைச் சுருக்கி, வேகம் பிழை என்று எதையோ மாற்றி, மறுபடி போட்டார்.

“ஐ...யோஓஓ... அம்...மாஆஆ...”

பேய் பேசுகிற மாதிரி இருந்தது. ஆனால் தமிழ் தெரிந்த பேய்.

இளநீர் வெட்டுகிறவர் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். ஜெரோம்தான் முதலில் வாய் திறந்தான். “அம்மா! இது அக்காட சத்தம்!”

சீலன் மாமா தலையை ஆட்டினார். “ஓம், நண்டு கடிச்ச நேரம் கத்தினது. நான் அண்டைக்கே நினைச்சன். இவ கத்தின கத்துக்கு ஆத்து மீனெல்லாம் கடலுக்கு ஓடியிருக்கும், எது நிண்டு பாடினதெண்டு.”

வயர் ஃபோனில் சரியாகச் செருகப்படவில்லை என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. பலூன் ஆற்றுக்குள் சும்மா குளித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஃபோன் மடியில் இருந்தபடியே என்னைப் பதிவு செய்திருக்கிறது. மனிதக் குரலின் நீண்ட உயிரெழுத்துகள்தான் இப்படி அடுக்கடுக்கான கோடுகளாக விழும் என்று அந்தப் பெரியவர் அன்பாக விளக்கினார். அந்த நேரத்தில் எனக்கு யாருடைய அன்பும் தேவைப்படவில்லை. பாசிக்குடாக் கடலில் எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. மூழ்கிப்போகக்கூட வசதியில்லாத ஊர்.

அம்மா என்னைக் காப்பாற்ற முயன்றார். “மகள் கோயில் பாட்டுக் குழுவில இரிந்தவ” என்று பக்கத்தில் நின்ற அம்மணிக்குத் தமிழில் சொன்னார். அந்த அம்மணி சிரித்துக்கொண்டே, ‘ஐயோ’ என்றால் என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார்.

அதற்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபமா? வலித்தாலும் ஐயோ, பாவப்பட்டாலும் ஐயோ, குழந்தை அழகாகச் சிரித்தாலும் ஐயோ, கறியில் உப்புக் கூடினாலும் ஐயோ என்றேன். சொல்லச் சொல்ல விருந்தினர்கள் ஒவ்வொருவராக ஐயோ சொல்லிப் பார்த்தார்கள். சிங்களம் பேசுகிற பணியாளர்கள், எங்களுடையதும் அதுதானே என்று சேர்ந்துகொண்டார்கள். முற்றம் முழுக்க ஐயோ. வெளியில் இருந்து கேட்டவர்கள் ஏதோ விபத்து என்று நினைத்திருப்பார்கள். ஒரு வகையில் அது உண்மையும்தான்.

பொருட்களைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது முகாமையாளர் வந்தார். கொழும்பு பஸ் எத்தனை மணிக்கு என்று நான் மனதுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“இத மீன் எண்டு சொல்லி எங்கட கடையில விக்க ஏலாது, தங்கச்சி.”

“விளங்குது சேர்.”

“ஆனா அந்த ஐயோ சேர்ட் எங்க எண்டு இப்பவே கேக்கிறாங்க. முதுகில எழுத்த மட்டும் மாத்தித் தாறீங்களா?”

மறுநாளே றிஸ்வான் நானாவிடம் ஓடினேன். அவர் பழைய எழுத்தையும் புதிய ‘ஐயோ’வையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரிக் கவலையோடு கேட்டார்: “என்ன தங்கச்சி, மீன் மவுத்தாப் பெய்த்தா?”

அந்த அலுமாரி இன்றைக்கும் என்னுடையதாகத்தான் இருக்கிறது. பிறகு நல்ல மைக் வாங்கி, வயரை இரண்டு தரம் சரிபார்த்து, மெய்யாகவே ஆற்றுக்குள் கேட்கிற சத்தத்தைப் பதிவு செய்தேன். இந்த முறை காதாலும் கேட்டேன். தவளை இருமுகிற மாதிரி ஏதோ ஒன்று, விட்டு விட்டு. அது மீனா, வேறு எதுவுமா என்று இன்னும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளாமல் விடப் போவதுமில்லை. படமாக்கிப் பார்த்தால் சுளகில் உளுந்து சிந்தியது போல இருந்தது. அதையும் ரீசேர்ட்டில் போட்டேன். இதுவரை அதை வாங்கி உடுத்தியிருப்பவர் சீலன் மாமா ஒருவர்தான், அதுவும் நான் சும்மா கொடுத்தது.

வீட்டில்தான் எனக்கு விடுதலை இல்லை. குளியலறையில் கரப்பான் பூச்சியைக் கண்டோ, சூடான சட்டியைத் தொட்டோ நான் ஒரு சத்தம் போட்டால் போதும். என்ன ஆச்சு என்று ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். முன்னறையில் இருந்து ஜெரோம் கூவுவான்: “அம்மா, அக்கா புது டிசைன் போட்டுட்டா!”

குசினிக்குள் இருந்து அம்மா, கறியைக் கிண்டிக்கொண்டே, அமைதியாகக் கேட்பார்: “என்ன கலர்ல?”