மூன்றாம் தொட்டி இன்னும் பாலாகவே இருக்கிறது

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, தங்கள் மாமனார் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

தாங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உறையாத பால் இருப்பது எங்கள் தயிர்த் தொழிற்சாலையில், தங்கள் வீட்டில் இல்லை. என் மகளுக்கு ஆசிகள். அவளுக்கென்று தனியாக எழுதவில்லை. இதைப் படிக்கும்போது தங்கள் முகம் எப்படிப் போகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்து எனக்குச் சொன்னால் போதும். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசினேன். பேசியபோதெல்லாம் "கொஞ்சம் பொறுத்தா ஏறும் மாமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். கடிதத்தைப் பாதியில் வைக்க என் மகள் விடமாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் உறைக்கூடத்தைப் பூட்டப் போகிறார்கள். மேலாளர் புதுப் பூட்டு ஒன்றை வாங்கி வந்து, அட்டைகூடப் பிரிக்காமல், நான் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிற மாதிரி மேசைமேல் வைத்திருக்கிறார். இனி உறையை நாங்கள் புட்டியில் வளர்க்க வேண்டாமாம், வெளியிலிருந்து பொட்டலத்தில் தூளாக வாங்கிக்கொள்வார்களாம். தொழிற்சாலையின் ஒவ்வொரு கிண்ணத் தயிரும் என் கூடத்துப் புட்டியிலிருந்துதான் பிறந்தது. அப்படிப்பட்ட என்னை மூடி ஒட்டும் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதிகாரி யார் தெரியுமா? என்னிடம் வேலை பழகி, கரண்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று என்னிடமே கேட்ட ஆள். என் கூடத்தில் இத்தனை காலம் உதவிக்கு நின்ற கண்ணாடியம்மாவுக்கு அந்த மூடி வேலையும் கிடையாது, வீட்டுக்குத்தான் போக வேண்டும். இதெல்லாம் யாரால்? பால் கெட்டதாலா, பாக்டீரியா கெட்டதாலா? தங்கள் சமன்பாட்டால், மாப்பிள்ளை.

முதலில் வாயைக் கொடுத்தது நான்தான், அதை மறைக்கவில்லை. மூன்றாம் தொட்டியில் வைரஸ் விழுந்து பால் உறையாமல் நின்றபோது, "நம்ம மாப்பிள்ளை இதுக்குத்தான் கணக்குப் போடறாரு, பாக்டீரியாவுக்கும் வைரசுக்கும் நடக்கிற சண்டையை அப்படியே பேப்பர்ல கொண்டு வந்துடுவாரு" என்று மேலாளரிடம் மார்தட்டினேன். சும்மா இருந்திருக்கலாம். என் வழக்கம் எளிமையானது. வைரஸ் வந்ததா, தொட்டியைக் கவிழ், நீராவி விடு, குளிர்பெட்டியிலிருந்து புது உறை எடு, தொடங்கு. இதற்கு மடிக்கணினி தேவையில்லை. நீங்கள் வந்தீர்கள், தொட்டியை எட்டிப் பார்த்தீர்கள், மூடியைத் திறக்கக்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கவிழ்க்காதீங்க மாமா. இதுல கொஞ்சம் பொழைச்சிருக்கும். பொழைச்சதுக்குத்தான் அனுபவம் இருக்கு" என்றீர்கள்.

பிழைத்த பாக்டீரியா தன்னைத் தாக்கிய வைரசிலிருந்து ஒரு துணுக்கை நறுக்கித் தன் உடம்புக்குள் வரிசையாக வைத்துக்கொள்ளும், புதுசு முன்னால், பழசு பின்னால், மறுபடியும் அதே வைரஸ் வந்தால் துணுக்கோடு ஒத்துப் பார்த்து வெட்டிப் போடும் என்று சொன்னீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு பாக்டீரியாவுக்கு இவ்வளவு ஞாபகமா என்று நானும் வாயைப் பிளந்தேன். பிறகுதான் வந்தது தங்கள் உபதேசம். வரிசை ரொம்ப நீளக் கூடாதாம். எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டிருந்தால் எதிரே நிற்கிற எதிரியைக் கவனிக்க ஆள் போதாதாம். அதனால் பழையதைக் கழித்துவிடுவதுதான் ஆரோக்கியமாம். போதாததற்கு, சில பாக்டீரியா அவசரத்தில் தன்னுடைய துணுக்கையே எதிரியென்று எடுத்து வைத்துக்கொண்டு தன்னையே வெட்டிக்கொண்டு சாகுமாம். இதைச் சொல்லும்போது ஏன் என்னைப் பார்த்தீர்கள்? உங்கள் அத்தை ஏன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்? ஆமாம், என் வரிசை நீளம்தான். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று என் கையால் உறை ஊற்றிய தயிரைக் கிண்ணத்தில் கொடுத்தேன். "இதுல எத்தனை கோடி உயிர் இருக்கும்" என்று உற்றுப் பார்த்துவிட்டுப் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனீர்கள். அது இன்னும் என் வரிசையில்தான் இருக்கிறது. அது எனக்கு ஒரு ஆரோக்கியக் குறைவும் செய்யவில்லை.

அடுத்து அந்த "எனக் கொள்வோம்". தங்கள் அறிக்கையைப் பல்லைக் கடித்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். தொட்டி முழுக்க எல்லாம் சமமாகக் கலந்திருக்கிறது எனக் கொள்வோம். பால் எப்போதும் ஒரே சூட்டில் இருக்கிறது எனக் கொள்வோம். வெளியிலிருந்து புது உறை எதுவும் தொட்டியில் சேரவில்லை எனக் கொள்வோம். அனுபவமில்லாத பாக்டீரியா உள்ளே வந்துகொண்டே இருந்தால் வைரசுக்குத் தினம் சாப்பாடு கிடைத்துக்கொண்டே இருக்கும், படத்தில் பாக்டீரியாவின் கோடு ஏறவே ஏறாது என்று அதற்கு அடியில் ஒரு குறிப்பு வேறு. யார் சேர்க்கப் போகிறார்கள்? எங்களை என்ன நினைத்துவிட்டீர்கள்? என் கூடத்தில் என் உத்தரவு இல்லாமல் ஒரு சொட்டு தண்ணீர் உள்ளே போகாது. பால் விற்கிற இடத்தில் எதையும் கொள்ள முடியாது, மாப்பிள்ளை. ஒன்று உறைந்தது, இல்லையென்றால் உறையவில்லை.

சரி, மாப்பிள்ளை சொன்னார் என்று கவிழ்க்காமல் விட்டேன். தினமும் நேற்றையதில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விட்டோம். தங்கள் கோடு குழியில் விழுந்து பிறகு மேலே ஏறும் என்று படம் போட்டிருந்தீர்கள். அதைச் சுவரில் ஒட்டினேன். குழியில் விழுவது மட்டும் அச்சு அசலாக நடந்தது. மேலாளர் பென்சிலோடு தினமும் வந்து குழியிலேயே ஒரு புள்ளி வைத்துவிட்டு, "சார், உங்க மருமகன் கோடு கீழயே குடித்தனம் பண்ணுதே" என்று கேட்டுவிட்டுப் போகிறார். பின்வாசல் சாக்கடைப் பக்கம் பூனைகள் எல்லாம் கன்றுக்குட்டி கணக்காகக் கொழுத்துவிட்டன. ஊரில் தங்கள் ஆராய்ச்சியால் பயன் பெற்றவை அவை மட்டும்தான். பார்வையிட வந்தவர்களிடம் மேலாளர் மூன்றாம் தொட்டியைக் காட்டி, "இது கணிதப் பிரிவு" என்கிறார். அவர்கள் சிரித்தார்கள். நான் கரண்டியைக் கழுவுவது மாதிரி திரும்பி நின்றுகொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் சொன்னால், "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும், நீங்க கரண்டியை ஒழுங்காப் பிடிச்சிருக்க மாட்டீங்க" என்கிறாள். என்னைப் பார்த்து. கரண்டியை. கண்ணாடியம்மாவாவது ஆறுதலாக இருப்பாள் என்றால் அவளும் காய்ச்சலென்று திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை. நானே ஒண்டியாகப் பால் காய்ச்சி, நானே கரண்டி விட்டு, நானே சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது இது. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து, மேலாளர் முன்னால், "என் கணக்கு தப்பு, மாமா மேல தப்பில்ல" என்று சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டிய படத்தைத் தங்கள் கையாலேயே கிழிக்க வேண்டும். இனி குடும்பத்தில் எந்த விசேஷத்திலும், யாருடைய உடல்நிலை பற்றிய பேச்சிலும், "எனக் கொள்வோம்" என்ற சொல்லை எடுக்கக் கூடாது. வராவிட்டால் நான் தங்கள் வீட்டு வாசற்படி மிதிப்பேன் எனக் கொள்ள வேண்டாம்.

கோபத்தில் நடுவில் "நீங்கள்" என்று எழுதியிருந்தால் அங்கெல்லாம் "தாங்கள்" என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். இருவரும் எல்லா நலமும் பெற்று, தொட்டிகள் எதுவும் இல்லாத இடத்தில் நீடூழி வாழ்க.

என்றும் அன்பு மாறாத (இப்போதைக்கு மாறியிருக்கிற)
மாமனார்

பின்குறிப்பு: வியாழன் காலை. கடித உறையை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். தபாலுக்கு நேரமில்லை, ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடவும்.

மூன்றாம் தொட்டி உறைந்துவிட்டது. மூடியைத் திறந்தேன், கரண்டி நட்டக்குத்தலாக நின்றது. நம்பாமல் தட்டிப் பார்த்தேன், அப்போதும் நின்றது. அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் தேறி வந்த கண்ணாடியம்மா தொட்டியைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "அம்மாதான் போன் பண்ணாங்க சார். மாப்பிள்ளை கணக்கு பொய்யாப் போச்சுன்னா அவர் முகத்துல எப்படி முழிக்கறது, தினம் குளிர்பெட்டியிலேருந்து ரெண்டு கரண்டி நல்ல உறையை யாருக்கும் தெரியாம ஊத்திடுன்னாங்க. நானும் ஊத்தினேன். உறையவே இல்ல. அப்புறம் நாலு கரண்டி ஊத்தினேன்" என்றாள். அதாவது தங்கள் மானத்தைக் காப்பாற்ற உங்கள் அத்தை வைரசுக்குத் தினமும் விருந்து வைத்திருக்கிறாள். கண்ணாடியம்மா காய்ச்சலில் படுத்த பிறகுதான் தங்கள் கோடு ஏறியிருக்கிறது.

மேலாளர் வந்தார். நின்றபடியே ஒரு கிண்ணம் சாப்பிட்டார். பென்சிலை எடுத்துக் குழிக்கு மேலே ஒரு புள்ளி வைத்தார். மேசைமேல் இருந்த புதுப் பூட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கூடத்துக்கு வெளியே போட அல்ல, குளிர்பெட்டிக்குப் போட. சாவி ஒன்றுதான். அது வீட்டுக்கு வராது, உங்கள் அத்தை கண்ணில் படாது.

வெள்ளிக்கிழமை அவசியம் வாருங்கள். தப்பு என்று சொல்ல அல்ல. தங்கள் கணக்குப்படியே என் வரிசையிலிருந்து மிகப் பழையதைக் கழித்துவிட்டேன். மூன்றாம் தொட்டியிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்துத் தங்களுக்கென்று மூடி வைத்திருக்கிறேன். எத்தனை கோடி என்று எண்ணாமல் சாப்பிட வேண்டும். இந்த முறையும் பாதியை வைத்தால், புதுசென்று முன்னால் சேர்த்துக்கொள்வேன்.