முகம் பொருந்தவில்லை

"முகம் பொருந்தவில்லை."

தெருமுனைவரை கேட்டது அந்தக் குரல். தேன் தடவிய பெண் குரல். சான்றிதழ் அலுவலகத்தின் படியேறி உள்ளே போனால்தான் விஷயம் தெரியும். குரல் முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரத்தினுடையது; அதன் முன்னால் இரண்டாம் கவுண்டர் எழுத்தர் நின்றுகொண்டிருந்தார், மூன்றாவது நாளாக.

குற்றம் அவருடையதல்ல, கன்னங்களுடையது. இருபத்தாறு வருஷம் குனிந்து மனுக்களைப் பார்த்ததில் இரண்டும் இறங்கிவிட்டன. அந்த மூஞ்சியைப் பார்த்ததுமே 'இன்னைக்கு நடக்காது' என்று பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். அலுவலகம் அதனால்தான் சுமுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது: 'பொதுமக்கள் பார்வையில் படும் ஊழியர்கள் தத்தம் முகங்களை உரிய உயரத்தில் பராமரித்தல் வேண்டும்.' உரிய உயரம் எவ்வளவு என்பது இணைப்பில் இருந்தது. இணைப்பு இணைக்கப்படவில்லை. முதற்கட்டமாக எழுத்தரை முகம் தூக்கும் மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

கத்தி கிடையாது. ஊசி வழியாகத் தோலுக்கடியில் நூல் விட்டு, கன்னத்தை மேலே இழுத்து நிறுத்துவார்கள். நூலிலுள்ள பொடி முட்கள் சதையைப் பிடித்துக்கொள்ளும். சில மாதங்களில் நூல் தானே கரைந்துவிடும்.

"மூணு வாரத்துக்கு வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது" என்றார் மருத்துவர்.

"எனக்கு வேலை சான்றிதழ் ஆபீஸ்லதான் டாக்டர்."

மருத்துவர் நிம்மதியானார்.

அதன்பிறகு எழுத்தர் அழுதால்கூட யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதுபோலத்தான் இருந்தது. மனிதர்கள் பொறுத்துக்கொண்டார்கள். இயந்திரம் பொறுக்கவில்லை. விதிப்படி, தொடர்ந்து மூன்று நாள் முகம் பொருந்தாவிட்டால் அந்தப் பணியிடம் காலி. இன்று பதினொரு மணியோடு கெடு முடிகிறது.

"சார், நான்தான் சார். உங்க எதிர்லதான் நிக்கறேன்."

"நிக்கறீங்க, மறுக்கல" என்றார் மேலாளர். "ஆனா இன்னும் வரலையே."

"நீங்க சொல்லித்தானே தூக்கிக்கிட்டேன்?"

"தூக்கச் சொன்னோம். மாத்தச் சொன்னோமா?"

"புது முகத்தைப் பதிஞ்சுக்கலாமே சார்?"

"தாராளமா. பழைய முகம் நேர்ல வந்து விண்ணப்பிக்கணும்." மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நூல் எப்பக் கரையும்?"

"ஆறு மாசமாவது ஆகும்."

"பதினொண்ணுக்குள்ள முடியுமான்னு கேட்டுப் பாருங்க."

எழுத்தர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"மூஞ்சியைத் தொங்கப்போட உங்களுக்குச் சொல்லித் தரணுமா?" என்றாள் மனைவி. "கல்யாணம் ஆன நாளா வேற என்ன பண்ணீங்க?"

"இப்பத் தொங்க மாட்டேங்குது. வேலை போயிடும் போலிருக்கு."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கை ரெண்டும் இருக்கில்ல? பிடிச்சுக் கீழே இழுங்க. இதுக்கும் சுற்றறிக்கை வரணுமா?"

பத்து ஐம்பத்தெட்டுக்கு எழுத்தர் இரண்டு கன்னங்களையும் பிடித்துக் கீழே இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"வணக்கம். வருகை பதிவானது."

மேலாளர் ஓடிவந்தார். "எந்த விரலால இழுத்தீங்க? அடுத்த வாரம் என் முறை." பதிலைக் குறித்துக்கொண்டார்.

கவுண்டர் திறந்தது. முதல் ஆள், மனைவியும் கைக்குழந்தையுமாகப் பிறப்புச் சான்றிதழுக்கு வந்தவர். மனுவை வைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் தன் கன்னங்களைக் கீழே இழுத்துக்கொண்டு நின்றார்.

"இது எதுக்கு?"

"நீங்க இழுத்ததை வாசல்லேருந்து பார்த்தோம். இங்க இப்படித்தான் போலன்னு..."

"அப்படி ஒரு விதியும் இல்லைங்க."

"இருக்கட்டும் சார். அப்புறம் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பிட்டா?"

எழுத்தர் எட்டிப் பார்த்தார். வாசலைத் தாண்டி வரிசை நின்றது. அத்தனை பேரும் கன்னத்தை இழுத்துப் பிடித்திருந்தார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. மேலாளர் அறையில் புதிய சுற்றறிக்கை தட்டச்சாகும் சத்தம் கேட்டது.

அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. மருத்துவர் சொன்னது நினைவுக்கு வரவே, எழுத்தர் அதை விழுங்கிக்கொண்டார். மனுவை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். குழந்தையைப் பார்த்தார்.

"குழந்தைக்கு இழுக்கலையேம்மா."

தாய் அவசரமாக அந்தச் சின்னக் கன்னங்களைப் பிடித்துக் கீழே இழுத்தாள். குழந்தை வீறிட்டது. எழுத்தர் முத்திரையில் தேதியைத் திருப்பி, மைப்பெட்டியில் ஒற்றி எடுத்தார்.